கடதாசி ஃபில்டர்

"அளவெடுத்துத் தைக்க இதென்ன சட்டையே, பிள்ளை?"

வாகனம் திருத்தும் கராச்சுக்காரர் இப்படிக் கேட்டபோது நான் அண்ணன் ஓட்டும் காரின் எஞ்சினுக்கு மேல் குனிந்து நின்றேன். அம்மாவின் தையல் நாடாவை, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரின் வாயைச் சுற்றிப் பிடித்திருந்தேன். அவர் குரலில் கோபம் இல்லை, சிரிப்புத்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

"உம்மட தங்கச்சி கெட்டிக்காரிதான்," என்று அண்ணனிடம் சொன்னார். "பெரிய சோதினை எழுதின பிள்ளை. அதுக்காக எஞ்சின் அவாட சொல்லுக் கேக்குமே?"

அண்ணன் எனக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. "எத்தனை, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

எட்டேகால் அங்குலம். கொப்பியில் எழுதி, அங்கேயே நின்று ஏழால் பெருக்கி, இருபத்திரண்டால் வகுத்தேன். வாயின் குறுக்களவு இரண்டரை அங்குலமும் ஒரு நூலும், அதாவது அரைக்கால் அங்குலமும், என்று வந்தது. வட்டத்தின் சுற்றளவைப் படிப்பித்த நாளில் அது ஒரு காருக்கு உதவும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கராச்சுக்காரர் என் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டு வேறொரு வாகனத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பை விட்டு இறங்கி வந்து தர்மபுரத்தில் குடியேறியபோது, அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போனார்கள். அண்ணன் காடு வெட்டப் போனார். என்னை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு லொறிக் கிளீனராகப் போனவர். தன் பெயரை எழுதுவார். அதற்கு மேல் எழுத்து அவரோடு தங்கவில்லை. ஆனால் ஓடுகிற எஞ்சினின் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தே கேட்டு, எந்தப் பிளக் நெருப்பு அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

வட்டக்கச்சியில் வயல் செய்கிற ஐயா ஒருவரிடம் பழைய ஏ ஃபோர்ட்டிக் கார் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, நல்ல விளைச்சல் கண்ட காலத்தில் வாங்கியது. கண் பார்வை மங்கிய பிறகு அவர் அதை அண்ணனிடம் கொடுத்து ஹயர் ஓடச் சொன்னார். அண்ணன் பரந்தனுக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கினார். ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு, செத்த வீட்டுக்கு. அந்தக் கார் கைக்கு வருவதற்கு முன் அவரை எல்லாரும் "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். காரை ஸ்ராட் பண்ணும் திறப்பு அவர் கையில் வந்த நாளிலிருந்து "தம்பி, ஒருக்கா வாங்கோ" என்றார்கள். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

எஞ்சின் பெற்றோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் இழுக்கிறது. எங்கள் பக்கத்துக் காற்றில் பாதி தூசி. வெயில் காலத்தில் கிரவல் ரோட்டில் முன்னால் ஒரு லொறி போனால், பின்னால் போகிறவனின் புருவமும் சிவந்துவிடும். அந்தத் தூசியைப் பிடிப்பதற்குத்தான் காபரேற்றருக்கு மேல் ஒரு தகரச் சட்டி இருந்தது. அடியில் எண்ணெய் நிற்கும், மேலே கம்பி வலை. உள்ளே வரும் காற்று எண்ணெயில் பட்டு, தூசியை அதில் விட்டுவிட்டுப் போகும். அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, புது எண்ணெய் விட்டு மாட்டுவார். பிறகு காரைக் கழுவி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைப்பார். இரண்டும் அவருக்கு ஒரே வேலையின் இரு பாதிகள்.

சட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையானது. கராச்சுக்காரர் இரண்டு முறை ஒட்டிக் கொடுத்தார். மூன்றாம் முறை, "ஒட்டுறதெண்டால் ஒட்டுறதுக்கு இரும்பு வேணுமெல்லோ," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் காருக்கு அந்தச் சட்டி எந்தக் கடையிலும் இல்லை. அண்ணன் அம்மாவின் பழைய சேலையை இரண்டாக மடித்துக் காபரேற்றரின் வாயில் கட்டினார். மஞ்சள் பூப்போட்ட சேலை. எஞ்சின் மூடியான பொனற்றைத் திறக்கும்போதெல்லாம் ஹயருக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன தம்பி, காருக்குக் கூறை எடுத்தாச்சோ?"

"மாப்பிள்ளை பாத்தாச்சு. உங்க வீட்டு டிராக்டர்தான்," என்பார் அண்ணன்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. சேலைக்குள்ளால் தூசி போய் எஞ்சினை உள்ளே அரைத்துவிட்டது. காருக்குப் பின்னால் நீலப் புகை வந்தது. எஞ்சினை இறக்கி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, றிங் மாற்ற வேண்டியதாயிற்று. வேலை முடிந்து திறப்பைக் கொடுக்கும்போது ஐயா நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, உன்னில எனக்குக் கோவமில்லை. ஆனால் இன்னொருக்கா இந்த எஞ்சினை இறக்க என்னால ஏலாது. தூசி போச்சுதெண்டால் அப்பிடியே வித்துப்போடுவன்."

அண்ணன் "ஓம் ஐயா" என்றார். வீட்டில் "ஆமா" என்கிற மனிதர், வெளியில் "ஓம்" என்பார். அன்று வீட்டுக்கு வந்து, மூலையில் சாத்தியிருந்த காடு வெட்டும் கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. என்னால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் அண்ணனோடு கராச்சுக்குப் போனேன். புது வான் ஒன்றுக்கு அவர்கள் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழையதை எறிந்த இடத்தில் வட்டமான ஒரு சாமான் கிடந்தது. தகர மூடி, உள்ளே விசிறி மடிப்பாக மடித்த கனத்த கடதாசி. எண்ணெய் இல்லை, வலை இல்லை. பக்கத்தில் புதியது வந்த பெட்டி. பெட்டியில் ஆங்கிலத்தில், பல கார்களுக்கும் பொருந்தும் வேறு வேறு அளவுகளில் கிடைக்கும் என்று எழுதிக் கொழும்புக் கடை ஒன்றின் விலாசமும் போட்டிருந்தது. அப்போதுதான் நான் வீட்டுக்கு ஓடிப் போய்த் தையல் நாடாவை எடுத்து வந்தேன்.

கடைக்கு ஆங்கிலத்தில் நானே கடிதம் எழுதினேன். நான்கு முறை திருத்தி எழுதினேன். பத்து நாளில் "அன்புள்ள ஐயா" என்று என்னை விளித்துப் பதில் வந்தது. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "ஐயாவாமே" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த கிழமை பார்சல் வந்தது.

பூட்டும் வேலையை எங்கள் முற்றத்திலேயே செய்தோம். ஃபில்டரின் கழுத்து காபரேற்றரின் வாயில் இறங்கியது. கணக்கு சரி, ஆனால் கொஞ்சம் ஆடியது. அந்த இடைவெளியால் தூசி போனால் எல்லாம் வீண். அண்ணன் பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி வாயில் மாட்டினார். அதற்கு மேல் ஃபில்டரை அழுத்தி, கிளிப்பை இறுக்கினார். ஒரு தாளைக்கூட உள்ளே நுழைக்க முடியவில்லை.

"இப்ப மூடுங்கண்ணே," என்றேன்.

பொனற் மூடவில்லை.

சுற்றை அளந்தவள் உயரத்தை அளக்கவில்லை. ஃபில்டரின் நடுவில் மூடியைப் பிடித்திருந்த போல்ற் அரை அங்குலம் மேலே நீட்டிக்கொண்டு நின்று பொனற்றில் இடித்தது. என் காது இரண்டும் சூடேறின. அண்ணன் சிரிக்கவில்லை. பொனற்றை மெதுவாகத் தூக்கி, உள்பக்கத்தில் பட்ட அடையாளத்தைத் தடவிப் பார்த்து, "தலைய வெட்டினா சரியாயிரும்," என்றார். கராச்சுக்குக் கொண்டுபோனோம்.

"சட்டை பொருந்தியிட்டுது. தொப்பிதான் பெரிசாப் போச்சு," என்று சொல்லிக்கொண்டே கராச்சுக்காரர் போல்ற்றை அரிந்து கொடுத்தார். ஆனால் ரியூப் வளையத்தை நகத்தால் கிண்டிப் பார்த்துவிட்டு, "உது நல்ல வேலை," என்றார். அதை அண்ணனிடம் சொன்னார்.

பரந்தன் வரை ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் இழுத்த இழுப்புக்கு அண்ணன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் ஒரு சிறிய தாள் இருந்தது. இந்த ஃபில்டரை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று ஐந்து வரி. நான் அதை ஒரு முறை வாசித்தேன். எல்லாம் விளங்கியது. அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கடைக்காரரின் கடிதத்தோடு சேர்த்து மடித்து என் அகராதிக்குள் வைத்துவிட்டேன். அண்ணனுக்கு வாசித்துக் காட்டவில்லை. மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது தேவைப்படும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல். ஐயாவும் அவருடைய மனைவியும் காரில் போகப் புறப்பட்டார்கள். என்னையும் துணைக்கு வரச் சொல்லி ஐயாவின் மனைவி சொல்லியனுப்பியிருந்தா. நான் தர்மபுரத்தில் ஏறி, மடியில் பொங்கல் பானையை வைத்துக்கொண்டு பின்னால் அவாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவா வழியெல்லாம் நேர்த்திக்கடன் கதை சொல்லிக்கொண்டு வந்தா.

விசுவமடு தாண்டுவதற்குள் கார் இருமத் தொடங்கியது. அண்ணன் மிதிக்க மிதிக்க வேகம் கூடவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் புகை. இந்த முறை கறுப்பு. ஏற்றமான ஒரு இடத்தில் கார் குலுங்கி நின்றுவிட்டது.

ஐயா இறங்கிப் போய்ப் பின்னால் நின்று புகையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் அளவுக்கு அது கறுப்பாக இருந்தது.

"முடிஞ்சுது," என்றார். "போர் அடிச்சு ரெண்டு மாதம் ஆகேல்லை. இனி என்னத்தைக் கதைக்கிறது? ஊருக்குப் போன உடனை விக்க ஆள் பாக்கிறன்."

"கோயிலுக்குப் போற வழியில உந்தக் கதை வேண்டாம்," என்று அவர் மனைவி உள்ளே இருந்தபடி சொன்னா. "அம்மாளாச்சி ஏதோ நினைச்சுத்தான் மறிச்சிருக்கிறா."

அண்ணன் ஸ்ரியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பானையை ஐயாவின் மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் பொனற்றைத் திறந்தேன். ஃபில்டரின் மூடியைக் கழற்றினேன். கடதாசி முழுவதும் ஈரமாக, கருமையாக மினுங்கியது. விரலை வைத்தேன். எண்ணெய்.

"யாருண்ணே இதுல எண்ணெய் ஊத்துனது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எண்ணெய் போடக் கூடாதுன்னு தாள்லயே எழுதியிருக்கே."

அண்ணன் இறங்கி வந்து எண்ணெயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதியிருந்துச்சா?" என்றார்.

அவ்வளவுதான். ஐயாவும் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபில்டரை முழுவதுமாகக் கழற்றி எடுத்து, "இப்ப ஸ்ராட் பண்ணுங்க," என்றேன். முதலில் இரண்டு முறை கறுப்பாகத் துப்பியது. பிறகு புகை மெலிந்து, சாம்பலாகி, இல்லாமலே போயிற்று. எஞ்சின் பழையபடி ஒரே சீராக ஓடியது.

"அப்ப எஞ்சினுக்கு ஒண்டுமில்லையோ?" என்று ஐயா கேட்டார்.

"இல்லை ஐயா. கடதாசி எண்ணெயில நனைஞ்சு காத்துப் போக வழியில்லை. மூச்சு முட்டினதுதான்."

"அப்ப இப்பிடியே போகலாமே?"

போகலாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் காபரேற்றரின் வாய் திறந்தபடி அந்தத் தூசிக்குள் போனால் மறுபடியும் எஞ்சின் அரைபடும். அண்ணன்தான் பதில் சொன்னார். "வேணாம் ஐயா. பொங்கல் பஸ் வரும். நீங்க ரெண்டு பேரும் அதில போங்கோ. நான் மெதுவா, தூசி கெளப்பாம வீட்டுக்குக் கொண்டுபோறன்."

ஐயா பஸ் வரும் பக்கம் திரும்பினார். "பொங்கல் முடிய வந்து கதைக்கிறன்," என்று மட்டும் சொன்னார். பஸ் வந்தது. ஐயாவின் மனைவி ஏறும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனா.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அண்ணன் சைக்கிள் போகிற வேகத்துக்கு மேல் போகவில்லை. எதிரில் ஒரு வாகனத்தைக் கண்டால் ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, தூசி அடங்கும்வரை காத்திருந்தார். அப்படி நின்ற ஒரு இடத்தில் பேசினார்.

"வெள்ளிக்கிழம கழட்டிப் பார்த்தேன். காஞ்சு கெடந்துச்சு. எண்ணெய் ஊத்த நீ மறந்துட்டன்னு நெனச்சேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஏற்கனவே அந்த போல்ட்டு நீட்டிக்கிட்டு நின்னதுக்கே உன் மூஞ்சி எப்புடியோ போயிருச்சு. இதையும் சொன்னா வருத்தப்படுவ. அதான் நானே ஊத்திட்டேன். யாருக்கும் தெரிய வேணாம்னு."

தூசி அடங்கிவிட்டது. ஆனால் அவர் எஞ்சினை ஸ்ராட் பண்ணவில்லை. என் பிழை என்று அவர் நினைத்ததை யாருக்கும் தெரியாமல் மூடப் பார்த்திருக்கிறார். நானோ, அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நடுரோட்டில் வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மடியில் கிடந்த ஃபில்டரிலிருந்து எண்ணெய் என் பாவாடையில் ஊறியது. அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

"ஏன் என்னைக் கேக்கல்ல?" என்றேன் கடைசியில்.

"நீ ஏன் சொல்லல்ல?" என்றார் அவர். கோபமாக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணன் காரின் மட்காட்டில் சாய்ந்து நின்றார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காய்ந்தபடியே பூட்ட வேண்டும். எண்ணெய் விடக் கூடாது. தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. கிழமைக்கு ஒரு முறை கழற்றி, மெல்லத் தட்டித் தூசியை உதற வேண்டும். கடதாசி கிழிந்தாலும், வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

"இன்னொரு தடவ," என்றார்.

மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை நான் முதல் சொல்லைத் தொடங்கியதும் மீதியை அவரே சொன்னார். ஐந்து வரியும் ஒரு சொல் பிசகாமல். ஏழு வயது மூத்த அந்த மனிதரிடம் இருந்த ஞாபக சக்தியைப் பற்றி நான் அன்றுவரை யோசித்ததே இல்லை.

பொங்கல் முடிந்து ஐயா கராச்சுக்கு வந்தார். எங்களையும் வரச் சொன்னார். கராச்சுக்காரர், "உந்தக் கடதாசி விளையாட்டை விட்டிட்டுத் துணியைக் கட்டுங்கோ. துணியெண்டால் எங்களுக்குத் தெரிஞ்ச சாமான்," என்றார்.

"துணி கட்டித்தானே அண்ணை போர் அடிச்சனாங்கள்?" என்றேன். கராச்சுக்காரர் தலையைச் சொறிந்தார்.

அண்ணன் முன்னால் வந்தார். "ஐயா, எண்ணெய் ஊத்தினது நான். தங்கச்சி போட்டது சரி. ஃபில்டரில ஒரு பிழையும் இல்லை."

"நான் வாசிச்சுச் சொல்லேல்லை ஐயா," என்றேன். "பிழை என்னில."

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வடிவாப் பிழையைப் பங்கு போடுறியள். கார் என்ரையெல்லோ." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "சரி. இன்னொண்டு எடுத்துப் பூட்டுங்கோ. மழை துவங்கும்வரைக்கும் பாப்பம். மழைக்கு முந்தின கிழமை நானே வருவன். காபரேற்றருக்குள்ள தூசி கண்டனெண்டால் விக்கிறன். பிறகு ஒருத்தரும் என்னோட கதைக்க வரக்கூடாது."

இரண்டாவது ஃபில்டர் வரும்வரை கார் எங்கள் முற்றத்தில் நின்றது. அண்ணன் அந்த நாட்களில் காடு வெட்டப் போனார். வந்ததும் பூட்டினோம். இந்த முறை கடையே போல்ற்றைக் கட்டையாக அனுப்பியிருந்தது. கடிதத்தில் உயரத்தையும் எழுதியிருந்தேன்.

பிறகு ஐந்து மாத வெயில். அந்த வருடம் தூசி ஒரு நாளும் ஓயவில்லை. மரத்தில் இலை எது, மண் எது என்று தெரியவில்லை. அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் ஃபில்டரைக் கழற்றி, ஒரு பலகையில் மெல்லத் தட்டுவார். விழுகிற தூசியை ஒரு தாளில் கொட்டி எனக்குக் கொண்டுவந்து காட்டுவார். "இது எஞ்சினுக்குள்ள போயிருக்க வேண்டியது," என்பார். பிறகு ஃபில்டரைச் சூரியனுக்கு நேரே பிடித்து, மடிப்பு மடிப்பாகத் திருப்பிப் பார்ப்பார். கண்ணாடியில் வைத்த சந்தனத்தில் ஒரு துளி ஃபில்டரின் தகர மூடிக்கும் கிடைக்கத் தொடங்கியது.

ஐந்து வரியும் ஹயருக்கு வருகிறவர்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது. முன் இருக்கையில் யார் ஏறினாலும் அண்ணன் சொல்லுவார். "காய்ஞ்சபடிதான் பூட்டோணும். எண்ணெய் விடக் கூடாது." ஒரு நாள் ஒரு கிழவர் கேட்டாராம்: "உதென்ன தம்பி, மருந்தோ?" அண்ணன், "ஓம் ஐயா, எஞ்சினுக்கு" என்றாராம்.

சில நாட்கள் எனக்குப் பயமாக இருந்தது. ரியூப் வளையம் வெயிலில் வெடித்தால்? கிளிப் தளர்ந்தால்? கார் வரும் சத்தம் கேட்டதும் ஓடிப் போய்ப் புகையைத்தான் முதலில் பார்ப்பேன். அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு முற்றத்துக்குள் வந்ததும், நான் பார்ப்பதற்காகவே கொஞ்ச நேரம் எஞ்சினை நிற்பாட்டாமல் விட்டுவைப்பார்.

ஐப்பசியில் மேகம் கூடியது. ஐயா சொன்னபடி கராச்சுக்கு வந்தார். அவருக்குப் பார்வை போதாது என்பதால் பார்க்கும் வேலை கராச்சுக்காரருக்கு. அவர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் நுனியை விரலில் சுற்றி, காபரேற்றரின் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வெளியே எடுத்தார். பார்த்தார். மறுபடி விட்டு, இன்னும் ஆழமாகச் சுற்றினார். அண்ணன் காரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றார் ஐயா.

கராச்சுக்காரர் துண்டை அவருடைய கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். மெல்லிய பெற்றோல் மஞ்சள் மட்டும் இருந்தது. "ஒரு மண்ணும் இல்லை," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, என்ர வானுக்கும் ஒருக்கா அளவெடுத்துத் தாறியே?"

ஐயா திறப்பை அண்ணனின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "ஓடு தம்பி. நான் இருக்குமட்டும் ஓடு." அண்ணன் "ஓம் ஐயா" என்றார். அன்று மழை வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

பரீட்சை முடிவும் அந்த மாதம்தான் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஆசிரியர் வேலைக்கு மனுப்போடலாம் என்று அம்மா சொன்னார், அதில் தவறில்லை. ஆனால் நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் எஞ்சின் படிப்புக்கான விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினேன். முன்னர் அங்கே பெண் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவும் இல்லை. முழுவதையும் நான் வாசித்துப் பார்த்தேன்.

தபாலில் போடும் முன் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓர் இடத்தில் கையை உயர்த்தினார்.

"அங்க என்னா கேக்குறாங்க?"

"தொழிலில் முன் அனுபவம் இருக்கான்னு."

"நீ என்னா எழுதியிருக்க?"

"இல்லைன்னு."

"அது பொய்யில்ல?" என்றார்.

நான் அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டினேன். மேலே இருந்த சிறிய இடத்தில், பழைய கார் ஒன்றுக்கு வேறு வகைக் காற்று வடிகட்டியை அளவெடுத்துப் பொருத்தி, ஒரு வெயில் காலம் முழுவதும் பராமரித்தோம் என்று எழுதினேன். "பொருத்தினேன்" என்று எழுதச் சொன்னார். "பொருத்தினோம்" என்றே விட்டேன். பிறகு அவருடைய காரிலேயே தபாற்கந்தோருக்குப் போய், உறையைப் பெட்டிக்குள் போட்டேன். அது போய் இன்றோடு ஒன்பது நாள்.